உக்ரைன் பட வாரமும் ஒரு தப்பான வசனமும்

சப்டைட்டில் எழுதப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மென்பொருள் சொல்லித்தர என்னை யாரும் கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். அதில் நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரு வரியில் எத்தனை எழுத்து, திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். சீக்கிரம் வராத ஒன்று உண்டு. திரையில் ஒருத்தி பேசுகிறாள்; என்ன சொல்கிறாள் என்று நமக்குத் தெரியவில்லை; எதிரே ஜனம் காத்துக்கொண்டிருக்கிறது. அப்போது வாயில் வந்ததை அடித்துவிடலாமா, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளலாமா?

போன மாதம் உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், முகம் சிவந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், "கேக்காத இடத்துல ஏதோ ஒண்ணைப் போட்டுட்டேன் மேடம், யாரு கவனிக்கப்போறாங்க" என்றார். அன்றே இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு இந்தத் தொழில் கிடைத்தது ஒசூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அங்கே டெலிபோன் போர்டில், வருகிற அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். சொந்த ஊர் ஊத்தங்கரை. அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, அங்கே துணிக்கடை. வேலை கிடைத்து ஒசூர் வந்தபோது எனக்குத் தமிழும் பள்ளிக்கூடத்து ஆங்கிலமும்தான். தெலுங்கு, நான் குடியிருந்த தெருவில் தானாக ஒட்டிக்கொண்டது. கன்னடம் மட்டும் ஒரு ஆள் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தது. அந்த ஆள் நாகரத்னா.

நாகரத்னாவும் நானும் ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் வீடு அத்திப்பள்ளியில், எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில். தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். எனக்கு ஒரு அழைப்பைக் கன்னடத்தில் பேசத் தெரியாமல் திணறினால், தன் காதில் இருக்கும் அழைப்பைக் காக்கவைத்துவிட்டு என் காதருகே வந்து முணுமுணுப்பாள். நான் அதை அப்படியே ஒப்பிப்பேன். அப்புறம் சிரிப்பாள். "நீ பேசறது கன்னடா இல்ல ஜமீலா, கன்னடா மாதிரி ஏதோ" என்பாள். அவள் சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால் எனக்கு அந்த வேலையே நிலைத்திருக்காது.

தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய திரைப்படச் சங்கம் ஒன்று எங்கள் கேன்டீனில் மாதம் ஒருமுறை வெளிநாட்டுப் படம் போடும். சாப்பாட்டு மேசைகளை ஓரம் கட்டி, நாற்காலிகளை வரிசை போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டினால் தியேட்டர் தயார். சாம்பார் வாசனை மட்டும் போகாது. படத்தில் சப்டைட்டில் எழுத்து இல்லை என்றால், ஆங்கில வசனத் தாளை வைத்துக்கொண்டு ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். அந்த வேலைக்கு என்னைப் பிடித்தவர் சங்கத்தின் செயலாளர். டூல் ரூமில் சூப்பர்வைசர், மத்திகிரிக்காரர், ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில், மாலை சினிமா. "பிரஸ் ஷாப் சத்தத்துல கூட உன் குரல் போன்ல தெளிவா கேக்குதும்மா. கேன்டீன் உனக்கு எம்மாத்திரம்" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். படித்தவர்கள் இருந்தார்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு ஒரு போர்டுக்காரியிடம் கொடுத்தார். இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்ளாமல் ஒரு படத்தை நான் தொடங்குவதில்லை.

அந்த வருஷம் காவிரித் தண்ணீர்ப் பிரச்சினையில் எல்லையில் கலவரமாகி, பஸ்கள் நின்றன. எல்லையில் இருக்கும் ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு நடந்து வந்தவர்களை ஒசூர் பார்த்தது. இந்தப் பக்கத்திலும் எல்லோரும் உத்தமர்களாக நடந்துகொள்ளவில்லை. எல்லாம் அடங்கி பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் கம்பெனிக்குள் ஒரு மாதிரியாகவே இருந்தது. ஒரே மெஷினில் வேலை பார்த்தவர்கள் கேன்டீனில் தனித்தனி மேசைக்குப் போனார்கள். அத்திப்பள்ளி, ஆனேக்கல்லிலிருந்து வருபவர்கள் கதவுப் பக்கமாக, பஸ் நிற்கிற திசையில் உட்கார்ந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவர்களாகவே போனார்கள்.

நாகரத்னாவின் கணவர் சிவண்ணா, அத்திப்பள்ளியில் மாவு மில் வைத்திருந்தவர், அவளை வேலையை விடச் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. கலவரத்தில் பஸ்மீது கல் விழுந்த நாளில் மனைவி அந்த வழியில் வர வேண்டியிருந்ததை அவரால் மறக்க முடியவில்லை. அவள் அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். கடைசியில் அவர் ஒரு வழிக்கு வந்தார். ஒரு நாள் கம்பெனிக்குள் வந்து ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது. பார்த்துவிட்டு முடிவு சொல்வது. அவர் சொல்வதே முடிவு.

வேலை நேரத்தில் வெளி ஆட்களைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். சங்கத்தின் படத்துக்கு மட்டும் குடும்பத்தோடு வரலாம். அப்போதுதான் உக்ரைன் பட வாரம் வந்தது.

சோவியத் யூனியன் உடைந்து உக்ரைன் தனி நாடாகியிருந்த சமயம் அது. சென்னையில் ஒரு இடத்தில் அந்தப் படங்கள் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, செயலாளர் ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கிவிட்டார். நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் கேன்டீனில் ஒரே கேலி. "ஏம்மா ஜமீலா, ரஷ்யாப் படம்னு போடறதுதானே?" என்றார் ஒருவர். "அப்படிச் சொன்னா அவங்களுக்குக் கோவம் வருமாம்" என்றேன். "அங்கியும் பார்டர் தகராறா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தத் தடவ தமிழ்ல மட்டும் சொன்னா போதாதும்மா. கதவாண்ட உக்காந்திருக்கிறவங்களுக்கும் சேத்துச் சொல்லணும். அவங்க படத்துக்கு வந்தே நாளாச்சு." தமிழில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி, முடிந்தால் தெலுங்கிலும் ஒரு வரி என்று முடிவானது. முதல் நாள் படத்தின் வசனத் தாள் முன்கூட்டியே வந்துவிட்டது. துறைமுகம், கப்பல், காதல். நானும் நாகரத்னாவும் அழைப்பு வராத நேரமெல்லாம் அதைக் கன்னடத்தில் சொல்லிப் பார்த்தோம். நடுவில் அவள் சட்டென்று நிறுத்தி, "இதுதான் கடைசியா நாம சேந்து பண்ற வேலையோ என்னவோ" என்றாள். "வாயை மூடிட்டு அடுத்த வரியப் படி" என்று அதட்டினேன்.

முதல் நாள் கேன்டீன் நிறைந்துவிட்டது. ஜெனரல் ஷிப்ட் முடிந்து குளித்து, பவுடர் போட்டு, குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சிவண்ணா வெள்ளைச் சட்டையில், கதவை ஒட்டிய நாற்காலியில், மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாகரத்னா. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் திரைக்குப் பக்கத்து மேசையில், சின்ன விளக்கும் மைக்கும் தாளுமாக.

விளக்கு அணைந்தது. திரையில் எங்களால் படிக்க முடியாத எழுத்து ஓடிற்று. நான் ஒத்திகை பார்த்தபடி தொடங்கினேன். "இது ஒரு துறைமுக நகரம். தூரத்தில் கப்பல் ஒன்று வருகிறது." அதையே கன்னடத்திலும் சொன்னேன்.

திரையில் கண்ணுக்கு எட்டிய தூரம் பனி. நடுவில் ஒரு குதிரை.

"எங்கம்மா கப்பலு?" என்றது ஒரு குரல். கேன்டீன் சிரித்தது. சரி, அடுத்த காட்சியில் கப்பல் வரும் என்று காத்திருந்தேன். கூரை வேய்ந்த வீடு வந்தது, கிழவி வந்தாள், அவளுடைய இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். தண்ணீர் என்று பார்த்தால் கிணறுதான் வந்தது. செயலாளரைப் பார்த்துக் கை ஆட்டினேன். புரொஜக்டரை நிறுத்தி டியூப் லைட்டைப் போட்டார்கள்.

நடந்தது இதுதான். துறைமுகப் படம் நீளம். அது முடிவதற்குள் அத்திப்பள்ளி பஸ் கிளம்பிவிடும். கதவுப் பக்கத்து ஜனம் பாதியில் எழுந்து போகும். அவர்கள் கடைசிவரை இருந்து பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், செயலாளர் கடைசி நேரத்தில் வேறொரு சின்னப் படத்தை முன்னால் இழுத்துவிட்டார். புரொஜக்டர் ஓட்டுபவரிடம் சொன்னார். நாற்காலி போடுபவரிடம் சொன்னார். மைக்கில் பேசுகிறவளிடம் சொல்ல மறந்துவிட்டார். ஷிப்ட் பஸ்ஸை வைத்துச் சினிமாவை மாற்றுகிற ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கும் சொல்லுங்கள்! அந்தச் சின்னப் படத்தின் வசனத் தாள் இன்னும் சென்னையிலிருந்து வந்தே சேரவில்லை.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "என் தப்பும்மா, மன்னிச்சிக்க. இப்ப என்னா பண்றது? ஏதாச்சும் அடிச்சு வுடு. அல்லாருக்கும் உக்ரைன் பாஷையா தெரியும்?"

நியாயமான யோசனைதான். எனக்கும் அது முதலிலேயே தோன்றியது. ஆனால் அதற்குள் கூட்டத்தில் சலசலப்பு. "தமிழ்லயே சொல்லிட்டுப் போம்மா, கன்னடம் எதுக்கு? அதாலதான் எல்லாம் கொழப்பம்" என்று நடுவிலிருந்து ஒருவர் கத்தினார். கதவுப் பக்கம் பேச்சு அப்படியே நின்றுபோனது. கத்துவதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சிவண்ணா எழுந்து நின்றார். நாகரத்னாவைப் பார்த்து, எழுந்திரு என்பதுபோலத் தலையை அசைத்தார். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அவள் கதவைத் தாண்டினால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இனிமேல் என் பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். அந்த நேரத்தில் நான் கதை கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழில் ஒன்று சொல்லி, கன்னடத்தில் அது கொஞ்சம் மாறினால் போதும், அவங்களுக்கு ஒரு கதை எங்களுக்கு ஒரு கதையா என்று கிளம்பியிருக்கும். பொய்யை மூன்று மொழியில் ஒரே மாதிரி சொல்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை.

செயலாளரின் கையை விலக்கிவிட்டு மைக்கில் பேசினேன்.

"படம் மாறிப்போச்சுங்க. என்கிட்ட இருக்கிறது கப்பல் படத்தோட பேப்பர். இந்தப் படத்துல யாரு என்ன பேசறாங்கன்னு எனக்குத் தமிழ்லயும் தெரியாது, கன்னடத்துலயும் தெரியாது, தெலுங்குலயும் தெரியாது. மூணு பேருக்கும் சமமா தெரியாது. யாருக்கும் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. கண்ணுல படறத மட்டும் சொல்றேன். உங்களுக்குத் தெரிஞ்சத நீங்களும் சொல்லுங்க."

இதையே கன்னடத்தில் சொன்னேன். பதற்றத்தில் நாகரத்னா திருத்தாத கன்னடம் வாயிலிருந்து என்னவாக வந்ததோ தெரியாது. கதவுப் பக்கத்தில்தான் முதல் சிரிப்பு கேட்டது. அப்புறம் நடுவில். கன்னடம் எதுக்கு என்று கத்தியவரே, "பாவம், போடுப்பா படத்த" என்றார். சிவண்ணா சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள்.

படம் மறுபடி ஓடத் தொடங்கியதும் நான் கண்ணில் பட்டதை மட்டும் சொன்னேன். "ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் குதிரைய ஓட்டிட்டுப் போறான். சின்னவனுக்கு அது பிடிக்கல." கொஞ்ச நேரத்தில் ஒரு சந்தை வந்தது. குதிரையை விற்க வந்திருக்கிறார்கள். வாங்க வந்தவன் குதிரையின் வாயைத் திறந்து பல் பார்க்கிறான், பெரியவனின் உள்ளங்கையில் படார் என்று அடிக்கிறான், பெரியவன் கையை இழுத்துக்கொள்கிறான், மறுபடியும் அடிக்கிறான். மத்தூர் மாட்டுச் சந்தையும் ஆனேக்கல் சந்தையும் பார்த்து வளர்ந்த ஜனத்துக்கு நான் என்ன சொல்வது? எங்கள் பக்கம் துண்டுக்குள் கை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள், அங்கே வெட்டவெளியில் கை அடித்துப் பேசுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

"குடுக்காத, குடுக்காத!" என்றது நடுவில் ஒரு குரல். "இய்யொத்து ரா!" என்றது தெலுங்கு. கதவுப் பக்கத்திலிருந்து "கொடபேடா!" என்று ஒரு கூட்டமே கத்தியது. மூன்று மொழியிலும் அதே 'குடுக்காத', ஒரே சமயத்தில். பிறகு கேன்டீன் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மைக்கைப் பிடித்தபடி சிரித்தேன், அது ஸ்பீக்கரில் கேட்டது, அதற்கும் சிரித்தார்கள்.

குதிரை போய்விட்டது. அவ்வளவு சொல்லியும் விற்றுவிட்டான். அதற்கப்புறம் என் வேலை குறைந்துவிட்டது. யாராவது ஒருவர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தமிழில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கன்னடத்தில் மறுத்தார். சின்னவன் ஊரை விட்டு எங்கோ வேலைக்குக் கிளம்புகிறான் என்பதைத் தோளில் அவன் போட்டிருந்த மூட்டையே சொன்னது. அந்தக் கூட்டத்தில் அப்படி ஊரைவிட்டு வராதவர் யார்? எல்லோரும் அடங்கிப் பார்த்தார்கள்.

சின்னவன் வாசலில் நிற்கிறான். கிழவி அடுப்படியிலிருந்து திரும்பி அவனைப் பார்த்து ஒரே ஒரு வசனம் பேசுகிறாள். சின்ன வசனம். அவன் ஒரு நிமிஷம் நிற்கிறான், போகிறான். அந்த இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஊத்தங்கரையில் பஸ் ஏறிய நாள் ஞாபகம் வந்ததோ என்னவோ, "போகாதேங்கறா" என்றேன். "ஹோக்பேடா அந்தாளெ" என்று கன்னடத்திலும் சொன்னேன். கண்ணில் படுவதை மட்டும் சொல்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னவள்தான்! மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

படம் முடிந்து விளக்குப் போட்டபோது பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. செயலாளர் கணக்கு அந்த விஷயத்தில் தப்பவில்லை. ஜனம் கலைந்து போகாமல் நின்று பேசிக்கொண்டிருந்தது. சிவண்ணா நாற்காலிகளுக்கு நடுவே நேராக என் மேசைக்கு வந்தார். பின்னால் நாகரத்னா, முகம் வெளுத்துப்போய். எழுந்து நின்றேன்.

அவருக்குத் தமிழ் அரைகுறையாக வரும். கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசினார்.

"எல்லாம் சரி சொல்லிட்டே. ஒரு எடத்துல தப்பு."

"எங்கங்க?"

"அந்தம்மா போகாதேன்னு சொல்லல. 'ஊட்டா மாட்கொண்டு ஹோகு' அந்தளு. சாப்பிட்டுப் போன்னு சொல்லிச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடுப்பு முன்னாடி நின்னு வேற என்னா சொல்வாங்க?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கெளம்பற பையன யாராச்சும் போகாதேன்னு சொல்வாங்களா? வெறும் வயித்துல போகாதேன்னு சொல்வாங்க."

நாகரத்னா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நீ இவ பக்கத்துல உக்காரு. ஒத்தையா வுட்டா தப்புத் தப்பா சொல்றா."

அவ்வளவுதான். வேலையை விடு என்ற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. நாகரத்னா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், செயலாளர் எங்கோ பார்ப்பதுபோல ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து மைக்குக்கு முன்னால் இரண்டு நாற்காலி. அந்த வாரம் முழுவதும் சிவண்ணா மில்லைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தார். படம் முடிந்ததும் எங்கள் இருவர் மொழிபெயர்ப்பிலும் குறை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

அந்த வாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் பெங்களூரில் ஒருவர் என்னைப் படத்துக்கு எழுத்துப் போடும் வேலைக்குக் கூப்பிட்டார். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நல்ல மனுஷர்கள் கையில் விழுந்தேன். மைக்கைக் கொடுத்தவர், கன்னடம் கொடுத்தவள், தப்பைத் தப்பு என்று மூஞ்சிக்கு நேரே சொன்னவர். உங்களுக்கும் அப்படி அமையட்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷம் கழித்து அதே படம், ஒரு விழாவுக்காகத் தமிழில் எழுத்துப் போட என் மேசைக்கே வந்தது. இந்த முறை சரியான வசனத் தாளோடு. எல்லா வேலையையும் விட்டுவிட்டு முதலில் அந்த இடத்தைத்தான் தேடினேன். கிழவி "போகாதே" என்று சொல்லவில்லை. "சாப்பிட்டுப் போ" என்றும் சொல்லவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போ, குளிர் வருது" என்கிறாள். நானும் தப்பு, சிவண்ணாவும் தப்பு.

உடனே நாகரத்னாவுக்குப் போன் போட்டேன். அவள் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தாள். கடைசி நாள்வரை அதே போர்டில் இருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "இரு, அவர்கிட்ட நானே சொல்றேன், ஆசையா இருக்கு" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"வேணாம் ஜமீலா. அவருக்குச் சொல்லாதே. அந்தத் தப்புலதான் நான் ரிட்டயர்டு ஆகற வரைக்கும் வேலை பாத்தேன்."